குருத்தெலும்பை அரிக்கும் என்சைமும் மாத்திரையில் வரும் என்சைமும்

குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு 57 வயது, வீட்டில் பீடி சுற்றுகிறார், இரண்டு முட்டியிலும் வலி, எக்ஸ்ரேயில் மூன்றாம் நிலைத் தேய்மானம் என்று சொல்லியிருக்கிறார்கள். வலி மாத்திரையோடு செராஷியோபெப்டிடேஸ் என்ற என்சைமும் சேர்ந்த மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் தேடிப் படித்ததிலோ, குருத்தெலும்பைக் கரைப்பதே என்சைம்கள்தான் என்று வந்திருக்கிறது. கரைக்கிற பொருளையே மருந்தாகக் கொடுப்பார்களா, அந்த என்சைமை நிறுத்த மாத்திரை எதுவும் கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்டவரை உங்கள் உண்மையான கவலை இதுதான்: இந்த மாத்திரையால் அம்மாவின் முட்டி இன்னும் கெட்டுவிடுமா, கெடுவதை நிறுத்த வேறு வழி இருந்தும் நமக்கு யாரும் சொல்லவில்லையா?

நான் வேலூரில் எலும்பு மூட்டு மருத்துவராக இருக்கிறேன். மேற்படிப்பின்போது குருத்தெலும்பின் உயிர்வேதியியலைக் கொஞ்சம் ஆழமாகப் படிக்க வாய்ப்பு கிடைத்தது. அப்புறம் வந்த வருடங்களில் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கமிருந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு வரும் அம்மாக்களைத்தான் அதிகம் பார்த்து வருகிறேன். உங்கள் அம்மாவின் காலையோ எக்ஸ்ரேயையோ நான் பார்க்கவில்லை. அதனால் அவருக்கான சிகிச்சையை இந்தப் பதிலை மட்டும் வைத்து மாற்ற வேண்டாம். நோய் எப்படி நடக்கிறது, எது நிரூபணமானது, எது ஆகாதது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். அந்த மாத்திரை அம்மாவின் குருத்தெலும்பைக் கரைக்காது. ஆனால் அதைக் காப்பாற்றும் என்பதற்கும் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. ஏன் என்று புரிய, மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில், இரண்டு முனைகளையும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. நம் பக்கம் பொதுவாக ஜவ்வு என்பார்கள். அதன் எடையில் 65 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர்தான். மீதியில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, இரண்டாம் வகைக் கொலாஜன் இழைகள் பின்னிய வலை. இன்னொன்று, அந்த வலைக்குள் அடைந்து கிடக்கும் அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு. அக்ரிகன் தண்ணீரை இழுத்துப் பிடித்து உப்பப் பார்க்கும். கொலாஜன் வலை அதை உப்பவிடாமல் இறுக்கும். இந்த இழுபறியில் உண்டாகும் விறைப்புதான் நம் உடல் எடையைத் தாங்குகிறது. குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. உயிருள்ள செல்கள் மொத்தப் பருமனில் ஏறக்குறைய 2 சதவீதம்தான்.

அந்தக் கொஞ்சம் செல்களே கொலாஜனையும் அக்ரிகனையும் உண்டாக்குகின்றன. பழசானதை வெட்டி அகற்றும் என்சைம்களையும் அவையே சுரக்கின்றன. இவற்றில் இரண்டு வகையை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். கொலாஜனை வெட்டுவது எம்.எம்.பி. என்ற குடும்பம், அதில் 13-ஆம் எண் என்சைம்தான் இரண்டாம் வகைக் கொலாஜனை மிக நன்றாக வெட்டும். அக்ரிகனை வெட்டுவது அடாம்ட்ஸ் என்ற குடும்பம். அதில் 4-ஆம் எண்ணும் 5-ஆம் எண்ணும் முக்கியம். இரண்டு குடும்பத்துக்கும் வெட்டும் இடத்தில் ஒரு துத்தநாக அணு இருக்கிறது. இவற்றை அடக்கி வைக்கும் டிம்ப் என்ற புரதங்களும் உடலிலேயே உண்டு. ஆரோக்கியமான மூட்டில் கட்டுவதும் வெட்டுவதும் சமமாகப் போகும். ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டுத் தேய்மான நோயில் வெட்டும் பக்கம் கை ஓங்கிவிடுகிறது. ஆக, அம்மாவின் மூட்டில் வேலை செய்யும் என்சைம்கள் வெளியிலிருந்து வந்தவை இல்லை. அவருடைய செல்களே, பராமரிப்புக்காக வைத்திருந்தவற்றை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன.

எல்லா என்சைமும் எல்லாவற்றையும் வெட்டாது என்பதுதான் உங்கள் கேள்விக்கான பாதிப் பதில். இதற்குச் சான்றை உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பார்க்கலாம். பேரணாம்பட்டு, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரையும் சதையையும் நீக்கி, சுண்ணாம்பைக் கழுவிய பிறகு, என்சைம் கலந்த நீரில் போடுவார்கள். பேட்டிங் என்பது அந்த வேலையின் பெயர். பழங்காலத்தில் இதற்கு நாய், புறாக்களின் எச்சத்தைப் பயன்படுத்தினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்ற வேதியியலாளர் அதற்குப் பதிலாகக் கணையத்திலிருந்து எடுத்த என்சைமைக் கொண்டுவந்தார். அதில் முக்கியமானது டிரிப்சின். அது தோலில் உள்ள மற்ற புரதங்களைக் கரைத்துத் தோலை மென்மையாக்கும், ஆனால் கொலாஜனைத் தொடாது. தொட்டால் தோலே மிஞ்சாது. கொலாஜன் மூன்று இழைகளை முறுக்கிய கயிறு. அந்த முறுக்கு குலையாதவரை சாதாரணப் புரத என்சைம்களால் அதை வெட்ட முடிவதில்லை. தோலில் இருப்பது முதலாம் வகைக் கொலாஜன், மூட்டில் இருப்பது இரண்டாம் வகை, ஆனாலும் இந்தக் குணம் இரண்டுக்கும் பொது.

அந்த முறுக்கை வெட்டத் தனி என்சைம் வேண்டும். 1962-இல் ஜெரோம் கிராஸ், சார்லஸ் லபியேர் என்ற இருவர் அதைத் தவளைக் குஞ்சின் வாலில் கண்டுபிடித்தார்கள். தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் மறைகிறதே, அங்கே கொலாஜனைக் கரைப்பது எது என்று தேடியபோது கிடைத்தது அது. எம்.எம்.பி-13 அதே வேலையைத்தான் செய்கிறது. நீண்ட கொலாஜனை ஒரே ஒரு இடத்தில் வெட்டும். முக்கால் துண்டு, கால் துண்டு என்று இரண்டாகும். வெட்டுப்பட்ட துண்டுகளின் முறுக்கு உடல் சூட்டிலேயே அவிழ்ந்துவிடும். அப்புறம் மற்ற என்சைம்கள் எளிதாக அரித்துவிடும்.

அக்ரிகன் கதை வேறு. அதைச் சாதாரணப் புரத என்சைம்களாலும் வெட்ட முடியும். 1956-இல் லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர், பப்பாளியிலிருந்து எடுக்கும் பப்பாயினை முயல்களின் ரத்தக் குழாயில் செலுத்தினார். விறைத்து நின்ற காதுகள் சில மணி நேரத்தில் தொங்கிவிட்டன. காதின் குருத்தெலும்பு விறைப்பை இழந்துவிட்டது. சில நாளில் காதுகள் மறுபடியும் நிமிர்ந்தன, காரணம் செல்கள் இழந்த பொருளை மறுபடி உண்டாக்கிவிட்டன. ஆனால் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்த முயல்களின் காது நிமிரவில்லை. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு அம்மாவுக்குப் பப்பாளியும் அன்னாசியும் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். ரத்தக் குழாயில் ஏற்றுவது வேறு, சாப்பிடுவது வேறு. சாப்பிட்ட என்சைமில் பெரும்பகுதி மற்ற புரதங்களைப் போலவே செரித்துவிடும்.

முயல் காது சொல்லித் தருவது முக்கியமானது. அக்ரிகன் போனால் திரும்ப வரும், கொலாஜன் வலை நன்றாக இருந்தால். நோயிலும் பெரும்பாலும் முதலில் குறைவது அக்ரிகன்தான், பிறகே கொலாஜன் அறுபடுகிறது. பெரியவர்களின் குருத்தெலும்பில் கொலாஜன் அவ்வளவு மெதுவாகத்தான் புதுப்பிக்கப்படுகிறது. அதன் அரை ஆயுளை 100 வருடத்துக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது வலை ஒருமுறை அறுந்தால் நம் ஆயுளில் அது பழையபடி வராது. மூன்றாம் நிலை எக்ஸ்ரேயில் இடைவெளி குறைந்து, எலும்பு முளைகள் தெரிகின்றன என்றால், சில இடங்களில் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் மீதமுள்ள குருத்தெலும்பு இருக்கிறது, அதைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். எக்ஸ்ரே எவ்வளவு மோசமோ வலியும் அவ்வளவு என்று கணக்குப் போடவும் முடியாது. படம் மோசமாக இருந்தும் நன்றாக நடப்பவர்கள் உண்டு. குருத்தெலும்பில் நரம்பே இல்லாததால், வலி வருவது அடியிலுள்ள எலும்பு, மூட்டு உறை, சுற்றியுள்ள தசை இவற்றிலிருந்துதான்.

செல்கள் ஏன் இப்படி அளவு மீறுகின்றன? ஐ.எல்-1, டி.என்.எஃப். போன்ற அழற்சிச் சமிக்ஞைகள் கிடைத்தால் அவை வெட்டும் என்சைம்களைக் கூடுதலாகச் சுரக்கும், கட்டும் வேலையைக் குறைக்கும். ஆய்வகத்தில் இது ஐயமில்லாமல் தெரிகிறது. உடைந்த துண்டுகளே மறுபடி அழற்சியைத் தூண்டுவதால் இது சுழன்றுகொண்டே போகும். பழைய காயம், கால் வளைவு, மரபு, வயது எல்லாம் சேர்கின்றன. எடையும் சேர்கிறது, அது வெறும் பாரத்தால் மட்டும் இல்லை. கொழுப்புத் திசு தானே அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது. பருமனானவர்களுக்கு எடை தாங்காத கை விரல் மூட்டுகளிலும் இந்த நோய் கூடுதலாக வருவதற்கு அது ஒரு காரணம். இன்னொரு பக்கம், குருத்தெலும்புச் செல்கள் அழுத்தத்தை உணர்கின்றன. மிதமாக, விட்டு விட்டு வரும் அழுத்தம், நடக்கும்போது வருவது போல, வெட்டும் என்சைம்களைக் குறைக்கிறது. விடாத அழுத்தமும், அளவுக்கு மீறிய அழுத்தமும், அசையாமலே வைத்திருப்பதும் நல்லதில்லை. நோய் குருத்தெலும்பில் தொடங்கி எலும்புக்குப் போகிறதா, எலும்பிலிருந்து இங்கே வருகிறதா என்பதில் மட்டும் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒரு முடிவு வரவில்லை.

சரி, இவ்வளவு தெரிந்தபின் அந்த என்சைமை அடைத்துவிட்டால் போதாதா? உங்களைப் போலத்தான் மருந்து நிறுவனங்களும் நினைத்தன, பல வருட உழைப்பும் பணமும் போட்டன. எம்.எம்.பி. குடும்பத்தை அடைக்கும் ஒரு மாத்திரையை மூட்டுத் தேய்மானமுள்ள 401 பேரிடம் ஒரு வருடம் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். மூட்டில் பலன் தெரியவில்லை. மாறாக, தோள்பட்டை இறுகுவது, உள்ளங்கைத் தசைநார் சுருங்குவது போன்ற தொல்லைகள் வந்தன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். அந்த என்சைம்கள் தசைநாரிலும் தோலிலும் காயம் ஆறும் இடத்திலும் தினசரி வேலை செய்துகொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மருந்தால் அடைத்தால் அங்கேயும் வேலை நிற்கும்.

டாக்சிசைக்ளின் என்ற பழைய ஆன்டிபயாடிக்குக்கு இந்த என்சைம்களைக் கொஞ்சம் அடக்கும் குணம் உண்டு. அந்தக் குணத்துக்காகவே குறைந்த அளவில் அதை ஈறு நோய்க்கு அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள். முட்டிக்கு 431 பருமனான பெண்களிடம் 30 மாதம் சோதித்தார்கள், 2005-இல் முடிவு வந்தது. மருந்து எடுத்தவர்களின் மூட்டு இடைவெளி சராசரியாக 0.30 மில்லிமீட்டர் குறைந்தது, எடுக்காதவர்களுக்கு 0.45. எக்ஸ்ரேயில் ஒரு வித்தியாசம் தெரிந்தது, ஆனால் வலியில் இல்லை. அதற்காக ஒரு ஆன்டிபயாடிக்கை வருடக்கணக்கில் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன், சிகிச்சை நெறிமுறைகளும் ஆதரிக்கவில்லை.

அடுத்து அடாம்ட்ஸ்-5. 2005-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக, இந்த என்சைம் இல்லாத எலிகளுக்குக் குருத்தெலும்புச் சிதைவு வெகுவாகக் குறைவதைக் காட்டின. எங்கள் துறையில் அப்போது பெரிய நம்பிக்கை பிறந்தது. அதன் அடிப்படையில் இந்த ஒரு என்சைமை மட்டும் குறிவைத்த மாத்திரையை 932 பேரிடம் 52 வாரம் சோதித்தார்கள். 2020-இல் முடிவு வந்தது: குருத்தெலும்பு மெலிவதிலும் வலியிலும் மருந்தில்லாத வெறும் மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. எலியில் காயத்தால் சில வாரத்தில் வரவைக்கும் நோயும், மனிதருக்கு இருபது வருடமாக நகர்ந்து வரும் நோயும் ஒன்றாக இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம். மனிதரில் அடாம்ட்ஸ்-4-க்கும் பங்கு இருக்கலாம், நோய் முற்றிய பிறகு கொடுத்ததும் காரணமாக இருக்கலாம். இந்த மூன்றும் ஊகங்கள்தான். உறுதியாகச் சொல்லக்கூடியது: என்சைமை அடைத்துக் குருத்தெலும்பைக் காப்பாற்றும் மருந்து எந்த நாட்டிலும் இந்த நோய்க்கு அனுமதி பெறவில்லை. உங்களிடம் யாரும் மறைக்கவில்லை.

இனி அம்மாவின் மாத்திரைக்கு வருகிறேன். செராஷியோபெப்டிடேஸ், பட்டுப்புழுவின் குடலில் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. டிரிப்சின்-கைமோடிரிப்சின், அன்னாசியிலிருந்து எடுக்கும் புரோமிலைன் இவையும் நம் மருந்துக் கடைகளில் நிறைய விற்கின்றன. கொடுப்பவர்களின் எண்ணம் குருத்தெலும்பைத் தொடுவது இல்லை. காயம், அறுவை இவற்றுக்குப் பிறகு வரும் வீக்கத்தைக் குறைப்பது. அது உண்மையில் எவ்வளவு குறைக்கிறது என்பதற்கான ஆதாரம் மெலிந்தது. செராஷியோபெப்டிடேஸைப் பல பத்தாண்டுகள் ஜப்பானில் விற்ற நிறுவனமே, பலனை நிரூபிக்க முடியாமல் 2011-இல் அங்கே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. புரோமிலைன், டிரிப்சின் கலவை மாத்திரைகள் முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தின் அளவுக்கு உதவியதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு, ஆனால் அவை என்னை நம்ப வைக்கும் அளவுக்குப் பெரியவை இல்லை. குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போவதே சொற்பம், அதிலிருந்து மூட்டுக்குப் போவது அதிலும் சொற்பம். அதனால் கெடுதலும் இல்லை, பெரிய நன்மையும் இல்லை என்பது என் கருத்து. ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு மட்டும் ரத்தக்கசிவு அபாயம் கூடக்கூடும். மாத்திரைச் செலவு வீட்டுக்குப் பாரமாக இருந்தால், இந்த என்சைம் இல்லாத மாத்திரை போதுமா என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடமே தயங்காமல் கேளுங்கள். அது தவறான கேள்வி இல்லை.

மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரை பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2006-இல் வெளியான, 1583 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில் ஒட்டுமொத்தமாக அது வெறும் மாத்திரையை மிஞ்சவில்லை. கொலாஜன் பவுடர் குடித்தால் அது குடலில் செரித்துத்தான் உள்ளே போகும். அம்மாவின் முட்டிக்குப் போய் வலையைப் பின்னாது. ஸ்டீராய்டு ஊசி, வீங்கித் துடிக்கும் முட்டிக்குச் சில வாரம் நல்ல நிம்மதி தரும், நானும் போடுகிறேன். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வருடம் போட்டுப் பார்த்த 2017 ஆய்வில், வலியில் வித்தியாசம் இல்லாமல் குருத்தெலும்பு மட்டும் கூடுதலாக மெலிந்தது. வழக்கமாகப் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. சொந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் பி.ஆர்.பி. ஊசிக்கு நிறையச் செலவழிக்கிறார்கள். 288 பேரிடம் செய்து 2021-இல் வெளியான ஆய்வில் அது உப்பு நீர் ஊசியை விடச் சிறப்பாக இல்லை.

அப்படியானால் எதுதான் வேலை செய்கிறது? அம்மா எடை கூடுதலாக இருந்தால், அதைக் குறைப்பது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. 454 பேரிடம் 18 மாதம் நடந்த ஆய்வு 2013-இல் வந்தது: உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது, ரத்தத்தில் ஐ.எல்-6 என்ற அழற்சிச் சமிக்ஞையும் குறைந்தது. என்சைமை நேராக அடைக்க முடியாத நமக்கு, அதைத் தூண்டிவிடும் சமிக்ஞையைக் குறைக்க இதைவிடப் பத்திரமான வழி இப்போதைக்கு இல்லை. மிகவும் பருமனானவர்களுக்கு செமாக்ளூடைட் என்ற எடை குறைக்கும் ஊசி முட்டி வலியையும் கணிசமாகக் குறைத்ததாக 2024-இல் ஒரு நல்ல ஆய்வு வந்திருக்கிறது. விலையையும் பக்க விளைவையும் பார்த்து, மருத்துவர் மேற்பார்வையில் யோசிக்க வேண்டிய விஷயம் அது.

பயிற்சி என்றவுடன் பயந்துவிடுகிறார்கள், நடந்தால் மிச்சமிருப்பதும் தேய்ந்துவிடும் என்று. மேலே சொன்னபடி, மிதமான நடை செல்களுக்கு நல்லது. தொடையின் முன்தசையை வலுவாக்குவது அதைவிட முக்கியம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி ஐந்து நொடி பிடித்து மெதுவாக இறக்குவது, படுத்தபடி முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்துவது, இவை போதும் தொடங்குவதற்கு. சில வாரத்தில் பலன் தெரியும், விட்டால் பலன் போய்விடும். பீடி வேலையை விடச் சொல்ல எனக்கு மனம் வராது, அது வீட்டின் வருமானம். ஆனால் தரையில் சம்மணமிட்டு மணிக்கணக்கில் உட்காருவதை மாற்றலாம். முறத்தை உயரமான ஸ்டூலில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்து சுற்றலாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வீட்டுக்குள் நாலு நடை நடக்கட்டும். மேற்கத்தியக் கழிப்பறை வைக்க முடிந்தால் வையுங்கள். சோளிங்கர் மலையின் 1305 படிகளை ஏறித்தான் தரிசனம் என்று அம்மா பிடிவாதம் பிடித்தால், அங்கே இப்போது ரோப் கார் இருக்கிறது. முட்டிக்கு ஏறுவதைவிட இறங்குவது கடினம்.

இத்தனையும் செய்தும் இரவில் தூங்க முடியாத வலி, வீட்டுக்குள் நடக்கவே சிரமம் என்றால் மூட்டு மாற்று அறுவையைப் பற்றிப் பேசலாம். முற்றிய நோய்க்கு அது நன்கு நிரூபணமான சிகிச்சை. செயற்கை மூட்டுகளின் விலைக்கு மத்திய அரசு 2017-இல் உச்சவரம்பு வைத்திருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போய் விசாரியுங்கள். மூன்றாம் நிலை என்று படத்தில் வந்ததற்காக மட்டும் யாரும் அவசரப்படுத்தினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். முட்டி திடீரென்று சிவந்து சூடாகி வீங்கினால், காய்ச்சல் சேர்ந்து வந்தால் மட்டும் அன்றைக்கே போய்விடுங்கள், அது தேய்மானமாக இல்லாமல் கிருமித் தொற்றாக இருக்கலாம்.

அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு என்சைமைவிட அதோடு சேர்ந்திருக்கும் வலி மாத்திரைதான் கவலை. அதை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம், ரத்த அழுத்தம் ஏறலாம். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மறுபடி மறுபடி வாங்காதீர்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த முறை டாக்டரிடம் போங்கள், முட்டியில் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லை முதலில் முயன்று பார்க்கலாமா என்றும் கேளுங்கள்.